மிதக்கும் கடல்மேடைகள்: கட்டமைப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கடலைக் கடப்பதற்கு மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டான். ஆனால் கடலின்மீது நிலையாகத் தங்குவதற்கு அவன் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொண்டான் எனக் கூறுதல் இயலாது. கப்பலுக்கும் மிதக்கும் மேடைக்கும் இடையிலான வேறுபாடு இங்குதான் தொடங்குகின்றது. புயல் எழும்போது கப்பல் தன் அணியத்தை அலைக்கு நேரே திருப்பிக்கொள்ளலாம். துறைமுகத்தை நாடி விரையலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறையில் ஏறிப் பழுதுபார்க்கப்படலாம். ஓரிடத்திற் பிணிக்கப்பட்ட பாரிய மேடைக்கோ இவ்வசதிகள் பெரும்பாலும் இல்லை. எத்திசையிலிருந்து எவ்வலை வரினும், நின்ற இடத்திலேயே நின்று அதனை ஏற்றாக வேண்டும்.

இந்நிலையில் அமைப்பாளன் முன் மூன்று வழிகளே உள்ளன. ஒன்று, அலையை எதிர்த்து நிற்குமளவுக்கு விறைப்பான உடலை ஆக்குதல். இரண்டு, அலை பற்றிக்கொள்ளாத வகையில் உடலை அமைத்து அதனை ஊடே செல்லவிடுதல். மூன்று, அலையோடு தானும் நெளிந்து இசைந்துபோதல். இருபதாம் நூற்றாண்டின் கடல்மேடை வரலாறு இம்மூன்று விடைகளும் மாறிமாறிப் பரீட்சிக்கப்பட்ட வரலாறேயாகும். எனினும் இவற்றுள் எதுவும் கடலின் விசையை இல்லாதொழிக்கவில்லை. ஒவ்வொன்றும் அவ்விசையை வேறோர் இடத்துக்கு மாற்றியது. அவ்விடம் பெரும்பாலும் பரந்த மேடையிற் பார்வையாளன் கண்ணிற் படாத ஒரு சிறு மூட்டாகவே இருந்தது. இவ்வுண்மையை வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய அனுபவம்

மிதக்கும் பெருங்கட்டமைப்பைப் பற்றிய பழைய விவரணங்களுள் ஒன்றைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் தந்துள்ளார். பாரசீகப் பேரரசன் சேர்க்சஸ் கி. மு. 480இல் கிரேக்கத்தின்மீது படையெடுத்தபோது, ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பொன்ற் நீரிணையைப் படகுப் பாலங்களாற் கடந்தான். முதலிற் கட்டப்பட்ட பாலங்களைப் புயல் சிதைத்தது. அரசன் கடலுக்குச் சவுக்கடி கொடுக்கப் பணித்தான் என்பதும், கட்டியவர்களின் தலைகளைக் கொய்வித்தான் என்பதும் பலரும் அறிந்த கதைகள். பலரும் கவனியாது விடுவது அடுத்து வந்த பொறியாளர் செய்த மாற்றமாகும். அவர்கள் 360 கப்பல்களை ஒரு வரிசையாகவும் 314 கப்பல்களை மற்றொரு வரிசையாகவும் நீரோட்டத்திற்கு இசைவாக நிறுத்தினர்; சணல்நார் வடங்களையும் பப்பிரசு வடங்களையும் கலந்து அவற்றைப் பிணைத்தனர்; பாரிய நங்கூரங்களை இருபுறமும் இட்டனர். கப்பல்கள் முன்னரும் மிதக்கவே செய்தன. எனவே பாலத்தின் வெற்றி மிதக்கும் உடல்களைக் காட்டிலும் அவற்றின் பிணைப்பிலேயே தங்கியிருந்தது எனலாம்.

அலையும் வளைவும்

பிற்கால முயற்சிகளை விளங்கிக்கொள்வதற்கு ஓர் அடிப்படையை மனங்கொள்ளுதல் வேண்டும். மிதக்கும் நீண்ட உடலொன்றை ஓர் உத்தரமாகக் கருதுவோம். அலையின் முகடு அதன் நடுவில் வரும்போது நடுப்பகுதி மேலே உந்தப்படுகின்றது. முனைகள் இரண்டும் போதிய தாங்குதலின்றித் தொங்குகின்றன. மேற்றளம் இழுவைக்கும் அடித்தளம் நெருக்கலுக்கும் உட்படுகின்றன. அகடு நடுவில் வந்து முகடுகள் முனைகளைத் தாங்கும்போது நிலைமை தலைகீழாகின்றது. அலைநீளமும் உடலின் நீளமும் ஏறத்தாழச் சமமாகும்போதே இத்துன்பம் மிகப் பெரிதாகின்றது. கப்பலமைப்போர் நெடுங்காலமாக இந்நிலையைக் கொண்டே கப்பலின் வலிமையைக் கணித்து வந்தனர்.

ஆயிரம் மீற்றர் நீளமான உடலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அதன் அடியில் ஒரே நேரத்திற் பல அலைகள் செல்கின்றன. ஒன்று உயர்த்தும்போது மற்றொன்று தாழ்த்துவதால் உடல் முழுவதினதும் ஆட்டம் பெரிதும் குறைகின்றது. ஆனால் நீளத்துடன் ஒப்பிடுமிடத்து உடல் மெல்லியதாக இருப்பதால், ஆடுவதற்குப் பதிலாக அது நெளியத் தொடங்குகின்றது. நெளிவு நீரைத் தள்ளுகின்றது. தள்ளப்பட்ட நீர் நெளிவை மாற்றுகின்றது. நீரையும் உடலையும் வெவ்வேறாகக் கணிக்க இயலாத இந்நிலையை ஆராயும் துறை நீர்மீள்தன்மையியல் எனப்படும். கப்பல்களை ஒட்டி வளர்ந்த இத்துறையின் இன்றியமையாமையைப் பாரிய மேடைகள் முழுமையாக உணர்த்தின.

எதிர்த்து நிற்றல்

அலையை எதிர்க்கும் முயற்சிகளுள் மிகவும் துணிகரமானது இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது பிரித்தானியாவில் உருவான ‘ஹபக்குக்’ திட்டமாகும். அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் நடுப்பகுதியில் செர்மானிய நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கு விமானத்தளம் இல்லாதிருந்தது. உருக்குக்கும் பெருந்தட்டுப்பாடு நிலவியது. இந்நிலையில் ஜெப்ரி பைக் என்பவர் பனிக்கட்டியினாலேயே மிதக்கும் விமானத்தளம் அமைக்கலாம் என 1942இல் எடுத்துரைத்தார். மவுண்ட்பேற்றனும் பிரதமர் சேர்ச்சிலும் இதில் ஆர்வங்காட்டினர். வெறும் பனிக்கட்டி எளிதில் நொறுங்குமாதலால், ஏறத்தாழ 14 வீதம் மரக்கூழ் அல்லது மரத்தூள் கலந்து உறையவைத்த ‘பைக்கிறீற்று’ என்னும் பொருள் பயன்படுத்தப்பட்டது. மேடையின் நீளம் 2000 அடியாகவும், அகலம் 300 அடியாகவும், நிறை ஏறத்தாழ 20 இலட்சம் தொன்னாகவும் திட்டமிடப்பட்டன. கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்துப் பற்றீசியா ஏரியில் 60 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட மாதிரியொன்று 1943இற் கட்டப்பட்டது.

எதிர்ப்பின் எல்லையை வெளிப்படுத்தியது அலையன்று. அப்பொருளே அதனை வெளிப்படுத்தியது. பிற்காலத்தில் நொபெல் பரிசு பெற்ற மக்ஸ் பெரூற்ஸ் இப்பொருளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். வன்மையாகத் தோன்றிய பைக்கிறீற்று, தன் நிறையின்கீழேயே மெல்ல மெல்லத் தொய்ந்து வழிவதையும், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அதனை இடையறாது வைத்திருந்தாலன்றித் தொய்வைத் தடுக்க இயலாது என்பதையும் ஆய்வு காட்டியது. குளிரூட்டும் குழாய்களுக்கும் காப்புறைக்கும் வேண்டிய பொருள்கள் பெருகின. உருக்கைச் சேமிக்கப் பிறந்த திட்டம் உருக்கையே கோரியது. இதனிடையே நெடுந்தூர விமானங்கள் பெருகின. 1943இல் அசோர்சுத் தீவுகளின் விமானத்தளங்களும் நேசநாடுகளுக்குக் கிடைத்தன. திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்து நின்ற மற்றோர் அமைப்பு உண்மையான புயலையே சந்தித்தது. 1944 ஜூனில் நோமண்டிக் கரையில் நேசநாடுகள் அமைத்த செயற்கைத் துறைமுகங்களுக்கு வெளியே, ‘பொம்பார்டன்’ எனப்பட்ட மிதக்கும் அலைதாங்கிகள் நிறுத்தப்பட்டன. இவை மேடைகளல்ல, ஆயினும் மிதந்தவாறே அலையை மறிக்க வேண்டியனவாதலின் இவற்றின் அனுபவம் எமது பொருளுக்கு நெருங்கியது. 200 அடி நீளமும் சிலுவை வடிவக் குறுக்குவெட்டும் உடைய உருக்கு உடல்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 10 அடி உயரமும் 150 அடி நீளமும் கொண்ட அலைகளை எதிர்பார்த்தே அவை அமைக்கப்பட்டன. ஜூன் 19ஆந் திகதி தொடங்கிய புயலில் எழுந்த அலைகள் இதனிலும் மிக உயர்ந்தனவாகவும் நீண்டனவாகவும் இருந்தன. பொம்பார்டன்கள் உடைந்தும் கட்டறுத்தும் சிதறின. காவலாக நிறுத்தப்பட்டவை தாமே இடராக மாறின. எதிர்ப்பவன் தன் பகைவனின் அளவை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். கடலோ அவ்வளவை முன்னறிவித்து வருவதில்லை.

அலையை ஊடே செல்லவிடுதல்

யுத்தத்துக்கு முன்னரே வேறொரு சிந்தனை தோன்றியிருந்தது. கனடாவிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவிற் பணியாற்றிய எட்வேட் ஆம்ஸ்ட்ரோங், அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானங்கள் இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்புவதற்கு ‘சீட்ரோம்’ எனும் மிதக்கும் தளங்களை அமைக்க விழைந்தார். ஆயிரம் அடிக்கு மேற்பட்ட நீளமான அவற்றின் மேற்றளம் அலைகளுக்கு எட்டாத உயரத்திற் தூண்களின்மீது இருக்கும். மேடையைத் தாங்கும் மிதவைகள் அலைகளின் கொந்தளிப்புக்குக் கீழே அமைதியான நீரில் இருக்கும். நீர்மட்டத்தை ஊடறுத்துச் செல்வன மெலிந்த தூண்கள் மாத்திரமே.

இவ்வமைப்பின் நுட்பம் எளிமையானது. அலையின் இயக்கம் ஆழத்துடன் விரைந்து குறைகின்றது; அலைநீளத்தின் அரைப்பங்கு ஆழத்தில் அது அநேகமாக மறைந்துவிடுகின்றது. மேலும், நீர்மட்டத்தில் உடலின் வெட்டுமுகம் சிறிதாக இருப்பின், அலை உயரும்போதும் தாழும்போதும் மேலுதைப்பிற் பெருமாற்றம் ஏற்படாது. அதனால் மேடையின் இயல்பான ஊசலாட்டக் காலம் நீண்டு, வழமையான அலைகளின் காலத்தோடு ஒத்திசையாது விலகி நிற்கின்றது. முதலாவது தளத்தை நியூ யோர்க்குக்கும் பெர்மியூடாவுக்கும் இடையில் நிறுவுவதற்கான ஏற்பாடுகளை 1929இன் பொருளாதார வீழ்ச்சி முறியடித்தது. பின்னர் விமானங்களே நடுவில் இறங்காது கடலைக் கடக்க வல்லனவாயின. ஆம்ஸ்ட்ரோங்கின் மேடை வரைபடத்துடனும் மாதிரிகளுடனும் நின்றுவிட்டது.

ஆனால் அவரது தத்துவம் வேறொரு வழியில் உயிர்பெற்றது. 1961இல் மெக்சிக்கோ வளைகுடாவில் ‘ஷெல்’ நிறுவனம் ‘புளூ வோட்டர் 1’ எனும் எண்ணெய்த் துளைமேடையை அரைவாசி அமிழ்ந்த நிலையில் மிதக்கவிட்டுத் தொழிற்படுத்தியது. அரைமூழ்கி மேடைகளின் காலம் இதனோடு தொடங்கியது. விமானப் போக்குவரத்து செலுத்த விரும்பாத விலையை எண்ணெய் செலுத்தியது.

அவ்விலையை மனித உயிர்களும் செலுத்தின. 1980 மார்ச் 27ஆந் திகதி வடகடலின் எக்கோபிஸ்க் எண்ணெய்வயலில், நோர்வேயின் நாவலாசிரியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய ‘அலெக்சாந்தர் எல். கீலண்ட்’ எனும் ஐந்து தூண் மேடை கவிழ்ந்தது. தொழிலாளர் தங்குமிடமாகப் பயன்பட்ட அதில் இருந்த 212 பேருள் 123 பேர் இறந்தனர். அன்று கடல் கொந்தளித்தது எனினும், அம்மேடை தாங்கியிருக்கவேண்டிய அளவை அலைகள் மிஞ்சவில்லை. விசாரணை வெளிப்படுத்திய காரணம் மிகச் சிறியது. தூண்களை இணைத்த குழாய்த்தண்டு ஒன்றில், ஒலியறி கருவியைப் பொருத்துவதற்காகத் தாங்கி ஒன்று ஒட்டுவேலையால் இணைக்கப்பட்டிருந்தது. அவ்வொட்டில் மேடையைக் கட்டிய காலத்திலேயே வெடிப்பு இருந்தது. வெடிப்பின் உள்ளே காணப்பட்ட வர்ணப்பூச்சு அதற்குச் சான்றாயிற்று. ஒவ்வோர் அலையும் அவ்வெடிப்பைச் சிறிது சிறிதாக வளர்த்தது. உலோகத்தின் இளைப்பு எல்லையை எட்டியதும் தண்டு முறிந்தது. அதன் சுமையை ஏற்ற ஏனைய தண்டுகளும் முறிந்தன. தூணொன்று பிரிந்து சென்றது. ஏறத்தாழ இருபது நிமிட நேரத்தில் மேடை தலைகீழாயிற்று.

இரண்டாண்டுகள் கழியுமுன், 1982 பெப்புருவரி 15ஆந் திகதி, கனடாவின் நியூபவுண்லாந்துக்கு அப்பால் ‘ஓசன் றேஞ்சர்’ எனும் பாரிய அரைமூழ்கி மேடை அமிழ்ந்தது. அதிலிருந்த 84 பேரும் மாண்டனர். அங்கே தொடக்கம் ஓர் உடைந்த சாளரக் கண்ணாடி. நிறைநீரைக் கட்டுப்படுத்தும் அறையினுள் அதனூடே கடல்நீர் புகுந்து மின்கருவிகளைப் பழுதாக்கியது. அத்தொகுதியைக் கையாளுவதற்குப் பணியாளருக்குப் போதிய பயிற்சியும் அளிக்கப்படவில்லை. இவ்விரு விபத்துகளின் பின்னரே, ஓர் உறுப்பு முறிந்தாலும் முழு மேடையும் அழியாதிருத்தல் வேண்டும் என்னும் நியதி அமைப்பு விதிகளில் உறுதியாக வேரூன்றியது. அலையை ஊடே செல்லவிட்ட அமைப்பு, அலையின் விசையை ஒட்டுகளிலும் தண்டுகளிலும் குவித்தது என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

அலைக்கு இசைதல்

மூன்றாம் வழியின் தொடக்கத்தையும் யுத்தகாலத்திலேயே காணலாம். பிரித்தானியாவில் ஹமில்ற்றன் என்பவர் அறுகோண வடிவ உருக்கு மிதவைகளை ஒன்றோடொன்று இணைத்து, ‘லிலி’ எனும் மிதக்கும் ஓடுபாதையை ஆக்கினார். அல்லியிலை நீர்ப்பரப்போடு படிவதுபோல இப்பாதையும் அலையின் வடிவையே தன் வடிவாக ஏற்றது. விமானத்தை இறக்கியும் ஏற்றியும் அது பரிசோதிக்கப்பட்டது. எனினும் போரின் போக்கு மாறியதால் அதுவும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

இச்சிந்தனையின் உச்சம் யப்பானில் நிகழ்ந்தது. 1995இல் கப்பல்கட்டும் நிறுவனங்களும் உருக்கு நிறுவனங்களும் இணைந்து ‘மெகா-புளோட்’ எனும் ஆய்வமைப்பைத் தோற்றுவித்தன. முதற்கட்டத்தில் 300 மீற்றர் நீளமும் 60 மீற்றர் அகலமுமான மேடையொன்றும், இரண்டாம் கட்டத்தில் 1000 மீற்றர் நீளமும் கூடியளவாக 121 மீற்றர் அகலமும் கொண்ட மேடையொன்றும் யொக்கோசுக்காவுக்கு அருகில் தோக்கியோ விரிகுடாவில் மிதக்கவிடப்பட்டன. இரண்டாவதன் தடிப்பு 3 மீற்றர் மாத்திரமே. ஓர் அடி நீளமான அளவுகோல் ஒரு மில்லிமீற்றர் தடிப்புடையதாயின் எத்துணை எளிதில் வளையுமோ, ஏறத்தாழ அவ்விகிதமே இம்மேடைக்கும் உரியது. 2000ஆம் ஆண்டில் அதன்மீது விமானங்கள் இறங்கி ஏறிப் பரீட்சார்த்தங்கள் நடத்தப்பட்டன.

மெகா-புளோட் பெற்ற வெற்றியில் ஐயமில்லை. தனித்தனி அலகுகளாகக் கட்டி இழுத்துவந்து கடலிலேயே ஒட்டவைக்கலாம் என்பதும், நெளிவை முன்கூட்டியே கணிக்கலாம் என்பதும் நிறுவப்பட்டன. ஆனால் இசைந்துபோகும் மேடையும் எல்லா அலைக்கும் இசைந்துபோக இயலாது. அகன்று தட்டையான இவ்வகை மேடை அமைதியான விரிகுடாவுக்கு உரியது. திறந்த கடலில் அதற்கு முன்னே ஓர் அலைதாங்கி வேண்டும். அதாவது, மேடை துறந்த எதிர்ப்பை அலைதாங்கி ஏற்க வேண்டும். விசை இங்கும் மறையவில்லை. வேறொரு கட்டமைப்பின் தோளுக்கு மாறியது.

இதே காலத்தில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை, பல அரைமூழ்கி அலகுகளைக் கோத்து ஏறத்தாழ 1500 மீற்றர் நீளமான நடமாடும் படைத்தளம் அமைப்பது பற்றி ஆராய்ந்தது. அங்கு முழுப் பிரச்சினையும் அலகுகளிடையேயான மூட்டிலேயே வந்து நின்றது. மூட்டை விறைப்பாக்கின் அதன்மீது தாங்கொணா விசை எழும். தளர்த்தின் அலகுகள் வெவ்வேறாக அசைந்து ஓடுபாதை பயனற்றதாகும். அத்தளம் கட்டப்படவில்லை.

தேவையின் தீர்ப்பு

கட்டமைப்பறிவின் குறைபாட்டினால் மட்டும் இம்மேடைகள் வழக்கொழிந்தன எனக் கொள்ளுதல் தவறாகும். சமூகத் தேவையும் பொருளாதாரமும் அவற்றின் விதியைப் பெரிதும் நிர்ணயித்தன. 1975இல் ஒக்கினாவாக் கண்காட்சிக்காகக் கட்டடக்கலைஞர் கிக்குத்தாக்கே அமைத்த ‘அக்குவாபோலிஸ்’, நூறு மீற்றர் சதுரமான அரைமூழ்கி நகரமாக எதிர்காலத்தின் சின்னமெனப் போற்றப்பட்டது. கண்காட்சி முடிந்தபின் அங்கு வாழ்வதற்கான காரணம் எவருக்கும் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அது உடைப்பதற்காகச் சீனாவுக்கு இழுத்துச்செல்லப்பட்டது. ஒசாக்கா விரிகுடாவின் கன்சாய் விமானநிலையத்துக்கு மிதக்கும் மேடையும் ஆலோசிக்கப்பட்டு, ஈற்றிற் கடலை நிரப்பிய செயற்கைத் தீவே தெரிவு செய்யப்பட்டது. 1994இல் திறக்கப்பட்ட அத்தீவின் தரை, நிரப்பத் தொடங்கிய காலந்தொட்டு 10 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்துள்ளது. 2018இன் சூறாவளியில் விமானநிலையம் வெள்ளத்தில் மூழ்கியது. ஆகவே மிதவாத வழி இடரற்ற வழியென்றும் கொள்வதற்கில்லை. அவ்வாறிருந்தும், 2010இல் திறக்கப்பட்ட தோக்கியோ ஹனெடா விமானநிலையத்தின் நான்காம் ஓடுபாதையும் நிரப்புநிலமும் தூண்மேடையும் இணைந்த முறையிலேயே கட்டப்பட்டது.

மெகா-புளோட்டின் ஒரு பகுதிக்கு எதிர்பாராத பணியொன்று காத்திருந்தது. மீன்பிடிப் பூங்காவாகப் பயன்பட்ட அம்மிதவை, 2011இன் புக்குஷிமா அணுவுலை விபத்தின் பின்னர் கதிரியக்கங் கலந்த நீரைச் சேமிப்பதற்கு அங்கு கொண்டுசெல்லப்பட்டது. விமானங்களைத் தாங்கப் பிறந்தது, கரை தாங்கமாட்டாத கழிவைத் தாங்கிற்று.

திறந்த கடலில் நிலைபெற்றவை பெரும்பாலும் எண்ணெயும் எரிவாயுவும் கட்டுவித்த மேடைகளே. மேற்கு அவுத்திரேலியாவுக்கு அப்பால் 2017இல் நிறுவப்பட்ட ‘பிரெலூட்’ எனும் எரிவாயு நிலையம் 488 மீற்றர் நீளமும் 74 மீற்றர் அகலமும் உடையது. அதுவும் தன் நங்கூரத் தொகுதியைச் சுற்றித் திரும்பி, காற்றுக்கும் அலைக்கும் முகங்கொடுத்து நிற்கின்றது. அதாவது, அது கப்பலின் பழைய உபாயத்தையே மீளக் கைக்கொண்டுள்ளது.

முடிவுரை

இன்று இவ்வரலாறு புதியதொரு முக்கியத்துவத்தைப் பெறுகின்றது. கடல்மட்டம் உயர்ந்து வருகையில், தாழ்நிலத் தீவுகளில் வாழும் மக்களுக்கு மிதக்கும் குடியிருப்புகள் தீர்வாக முன்வைக்கப்படுகின்றன. மாலைதீவில் கடனீரேரி ஒன்றில் மிதக்கும் நகரம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டுள்ளது. தென்கொரியாவின் புசான் துறைமுகத்துக்குரிய திட்ட மாதிரி 2022இல் வெளியிடப்பட்டது. படைத்தளத்துக்காகவோ எண்ணெய்க்காகவோ அன்றி, மக்கள் குடியிருப்பதற்காக மேடைகள் கோரப்படுவது வரவேற்கத்தக்கதே.

எனினும் இத்திட்டங்கள் ஒதுங்கிய நீரையே நாடுவது கவனிக்கற்பாலது. கடனீரேரியின் அலைதாங்கி அதனைச் சூழ்ந்துள்ள பவளப்பாறையாகும். கடல் உயர்ந்தால் மேடையும் உடன் உயரும். பவளப்பாறையோ தன்னை ஆக்கும் உயிரினங்கள் வளர்ந்தாலன்றி உயராது. கடல் வெப்பமடைந்து பவளங்கள் மடியுமிடத்து, அமைதியான நீருக்கென அமைக்கப்பட்ட தட்டையான மேடை திறந்த கடலின் அலையை எதிர்கொள்ள நேரும். நிலத்தை இழந்து வரும் மக்கள் தம் இறுதிப் புகலிடமாக ஏறும் மேடையில், கீலண்டின் ஒட்டுப்போன்ற ஒன்று இருத்தலாகாது. நோமண்டியிற்போல அலையின் அளவு குறைத்து மதிக்கப்படுதலும் ஆகாது.

மிதக்கும் மேடையொன்றின் பெருமையை அதன் பரப்பைக் கொண்டு அளவிடுதலே இதுவரை வழக்கமாக இருந்து வந்துள்ளது. வரலாறு வேறோர் அளவுகோலை எமக்குத் தருகின்றது. கடலின் விசை ஈற்றில் எங்கே சென்று தங்குகின்றது, அவ்விடத்தைக் காப்பவர் யார், அது முறிந்தால் உயிர்தப்ப வழி என்ன என்பனவே முதலிற் கேட்கப்படவேண்டிய வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடை கூறாத வரைபடம் எத்துணை அழகியதாயினும், அதன்மீது ஒரு குடும்பத்தையேனும் குடியேற்றுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.